ஓடுவோரும் உடன் நிற்போரும்

உடற்பயிற்சியின் பெருமையைப் பேசாத விளையாட்டு விழா இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று தலைமை தாங்குபவர் தொடங்குவார், நாமும் கைதட்டுவோம். அப்பெருமையை மறுக்க நான் வரவில்லை. மாலையில் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் கால் தானாகவே மைதானத்தை நோக்கி நடக்கின்ற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் நானும். ஆனால் அந்த மேடைகளில் எவரும் எடுத்துப் பேசாத கேள்வி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று விழுந்துவிட்டால், அவனைச் சுற்றி நிற்கின்ற நாம் என்ன செய்கின்றோம்? என்ன செய்ய வேண்டும்? இதைப் பற்றி நம் மன்றத்துத் தோழர்களோடு சற்று வாதாட விரும்புகின்றேன்.

குர்லாவில் குடியிருப்பவர்க்கு இஃது ஏட்டுக் கேள்வி அன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு நேரு நகர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். காவல்துறை, இரயில்வே, இராணுவம் என்று ஏதேனும் ஓர் ஆள்சேர்ப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். தாராவியிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. இரவு வேலை முடித்து, கண்ணுறங்காமல், ஒரு கிளாஸ் சாயாவோடு ஓட வருகின்றவர்களும் உண்டு. வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும் என்ற ஒரே எண்ணம் அவர்களை ஓட்டுகின்றது. அந்த எண்ணம் நல்லது. ஆனால் அஃது உடலின் முறையீட்டைக் காதில் வாங்காது.

குர்லாவிலிருந்து மூன்றாவது நிலையம் விக்ரோலி. 2014 ஜூன் மாதத்தில் மும்பைக் காவல்துறைக்கு ஆள் எடுத்தபோது அங்கேதான் 5 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். நம் குர்லாவைத் தொட்டுக்கொண்டு போகின்ற கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் இளைஞர்கள் ஓடினார்கள். அவ்வாண்டுத் தேர்வில் உயிரிழந்தவர்கள் நால்வர்க்குக் குறையார். அதன் பின்னர் அரசு ஓட்டத்தின் தொலைவைக் குறைத்தது. பத்து ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டு 22-ஆம் நாள் முதல் ஜார்க்கண்டில் கலால் துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது விதி. இரண்டு வாரத்திற்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். இறந்தவர்கள் நோயாளிகள் அல்லர். நம்மில் பலரைக் காட்டிலும் வலிவு மிக்கவர்கள்.

இச்செய்திகள் வரும்போதெல்லாம் நாட்டில் இரண்டு பேச்சு எழும். ஒன்று, அரசைக் குறை கூறுதல். மற்றொன்று, இறந்தவனைக் குறை கூறுதல்: பயிற்சி போதாது, ஏதோ மருந்து தின்றிருப்பான் என்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின் மூன்றாவதாக ஒருவன் அங்கே இருந்தானே, அவனைப் பற்றி எவரும் கேட்பதில்லை. விழுந்தவனுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றவன் அவன். விழுந்த கணத்திற்கும் மருத்துவர் தொட்ட கணத்திற்கும் இடையே உள்ள நேரம் அவன் கையில்தான் இருந்தது. உயிர் போவதும் நிற்பதும் பெரும்பாலும் அந்த இடைவேளையில்தான் என்பது என் கட்சி.

அந்த இடைவேளையில் நம்மவர்கள் செய்வது என்ன? சென்ற ஆண்டு குர்லாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சடுகுடுப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடிப் போன இளைஞர் ஒருவர் கோட்டைத் தொடுமுன் மடங்கி விழுந்தார். அடுத்த நொடியில் ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். "ஏல, சாவி இருந்தா கையில குடுங்கல!" என்றார் ஒருவர். "ஒரு சோடா வாங்கிட்டு வாங்கப்பா, சீக்கிரம்!" என்றார் இன்னொருவர். இருவர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைக்க முயன்றார்கள். ஒருவர் செருப்பை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு பெரியவர் மட்டும், "காத்து விடுங்கய்யா, படுக்க வைங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் குரல் கூட்டத்தில் எடுபடவில்லை. நல்லவேளை, அது வெறும் மயக்கம். ஒரு நிமிடத்தில் அவரே கண் விழித்தார். சோடாவும் சாவியும் அவரைப் பிழைக்க வைத்ததாக எல்லோரும் நம்பி வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அச்சம் தந்தது அந்த நம்பிக்கைதான். அடுத்த முறை விழுகின்றவனுக்கு அது மயக்கமாக இல்லாமல் போனால்?

இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் இல்லை. நினைவற்றவன் வாயில் ஊற்றிய சோடா வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதற்கே வாய்ப்பு மிகுதி. உட்கார வைப்பதோ மூளைக்கு ஏறுகின்ற கொஞ்ச இரத்தத்தையும் கீழே இறக்குகின்ற செயல். இவற்றை அன்பினால்தான் செய்கின்றோம். ஆனால் அன்புக்குக் கொஞ்சம் பயிற்சியும் வேண்டும்.

விழுந்தவனிடம் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டே. தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் உண்டா? மார்பு இயல்பாக ஏறி இறங்குகின்றதா? பத்து நொடிக்குள் இவற்றைப் பார்த்துவிடலாம். இரண்டும் இல்லையென்றால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. படித்தவர்களும் ஏமாறுகின்ற இடம் இது. இதயம் நின்றபின்னும் சில நிமிடங்கள் வரை வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை போன்ற ஒலியோடு எப்போதாவது ஒரு மூச்சு இழுக்கும். கரையில் போட்ட மீனைப் பார்த்திருக்கின்றீர்கள் அல்லவா? அதைப் போன்றது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று கூட்டம் ஆறுதல் கொள்ளும். அது மூச்சன்று. கை கால் சிறிது நேரம் வெட்டி இழுப்பதும் உண்டு. உடனே வலிப்பு என்று முடிவு கட்டிச் சாவியைத் தேடுவார்கள். ஓடிக்கொண்டிருந்த இளைஞன் எவரும் இடிக்காமல் தானே விழுந்து, பதில் இல்லாமல் கிடந்தால், மாறான சான்று கிடைக்கும்வரை இதயத்தையே ஐயுறுவது அறிவுடைமை.

பின்னர்ச் செய்ய வேண்டியது 1960-இல் உலகுக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓட வைக்கலாம் என்று அவ்வாண்டு எழுதினார்கள். இவர்களுள் மூத்தவரான கௌவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர் என்பதை நம் அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மின்னதிர்ச்சிக் கருவியின் தகடுகளை நாயின் மார்பில் அழுத்தியபோது, மின்சாரம் பாய்வதற்கு முன்னரே இரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டார்கள்; அதிலிருந்து பிறந்தது இம்முறை. செய்முறை எளிது. கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவே ஒரு கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறு கையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல், 5 செண்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு அழுத்த வேண்டும். 6-ஐத் தாண்ட வேண்டா. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஏனென்றால் அதற்கு மேல் எவருக்கும் கை தளரும். விலா எலும்பு முறிந்தால் முறியட்டும். எலும்பு கூடும், மூளை கூடாது. ஒருவர் அழுத்தத் தொடங்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைத்திருக்க வேண்டும்.

வண்டி வரும்வரை பொறுக்கலாகாதா என்பீர்கள். நம் லால் பகதூர் சாஸ்திரி சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டி எவ்வளவு விரைவில் வரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாபா மருத்துவமனையும் சயான் மருத்துவமனையும் நமக்கு அருகில்தான். நடந்து போகின்றவனுக்கு அருகில், வண்டியில் போகின்றவனுக்குத் தொலைவில்! இதயம் நின்ற பின் எவரும் மார்பை அழுத்தாமல் கழிகின்ற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துக்கொண்டே போகின்றது. பத்து நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும்.

2004 டிசம்பர் 5 அன்று பெங்களூர்க் கண்டீரவா அரங்கில் பெடரேஷன் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த அதே கணத்தில் மோகன் பகான் கோல்காவலரோடு மோதி விழுந்தார், பின் எழவில்லை. மைதானத்தில் தகுந்த மருத்துவ ஏற்பாடு இல்லை என்ற குற்றச்சாட்டு அப்போது நாடெங்கும் எழுந்தது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் நகரில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், எவரும் மோதாமலே, புல்தரையில் சாய்ந்தார். அவருடைய அணித் தோழர்கள் உடனே அருகே வந்தார்கள், மருத்துவர்கள் ஓடி வந்து மார்பை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மைதானத்தை விட்டு வெளியே கொண்டு செல்லும்போதே அவருக்கு நினைவு திரும்பிவிட்டது. 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் அவர் தம் நாட்டுக்காக ஆடினார். இரண்டு வீழ்ச்சிகளும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. காரணங்கள் வேறாக இருக்கலாம். பக்கத்தில் நின்றவர்களின் ஆயத்தம் எவ்வளவு வேறு என்பதே நான் காட்ட விரும்புவது.

எரிக்சனுக்கு உலகப் புகழ் பெற்ற மருத்துவர்கள் இருந்தார்கள், நமக்கு யார் இருக்கின்றார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது இலட்சம் பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று உண்டு. அவர்களுள் 59 பேருக்கே இதயம் நின்றது. 42 பேர் இறந்தார்கள். ஆகவே ஓட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தவற்றுள் முதன்மையானது எதுவென்று பார்த்தால், அருகே நின்ற யாரோ ஒருவர் உடனே மார்பை அழுத்தியதுதான். இன்னொரு வேடிக்கையான ஆய்வு. லாஸ் வேகஸ் நகரத்துச் சூதாட்ட விடுதிகளில் வாயிற்காவலர்களுக்கு மின்னதிர்ச்சிக் கருவியைப் பழக்கினார்கள். மூன்று நிமிடத்திற்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் பிழைத்தார்கள். தாமதமானவர்களில் 49 பேர். சூதாடுமிடத்துக் காவலர் செய்ததைப் பல்கலைக்கழகத்து மாணவர் செய்ய இயலாதா? அக்கருவி தானே பேசி வழிகாட்டும். தேவையில்லாதவனுக்கு அதிர்ச்சி கொடுக்காது. நம் கலினா வளாகத்தில் அஃது எங்கே இருக்கின்றது என்று நம்முள் எத்தனை பேர் சொல்ல முடியும்?

இனி வெப்பத்தைப் பற்றி. ஆள்சேர்ப்பு ஓட்டங்களில் இதுதான் பெரிய பகைவன் என்பது என் கருத்து. ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இயக்கமாகின்றது, மற்றது வெப்பம். அதை வெளியேற்றுவது வியர்வை. தோலின் மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டித் தரையில் விழுந்த வியர்வை ஒன்றையும் எடுத்துச் செல்வதில்லை. மும்பையின் மே, ஜூன் மாதங்களை நினைத்துப் பாருங்கள். சட்டை பிழியப் பிழிய நனைகின்றது. காற்றிலோ இனி ஏற்க இடமில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்தவன், "இதென்ன வெயில், எங்கள் ஊர் வெயிலைப் பார்க்கவில்லையே நீங்கள்!" என்று பெருமை பேசுவான். அவன் ஊரில் வியர்வை காய்ந்தது, அண்ணாச்சி, இங்கே காயாது.

வெப்பத் தாக்கு வருகின்றவன் திடீரென்று விழுவதற்கு முன் அறிகுறி காட்டுவான். தள்ளாடுவான், கேட்டதற்கு வேறு ஏதோ சொல்வான், சினப்படுவான், எந்தச் சுற்றில் இருக்கின்றோம் என்பதை மறப்பான். "குடித்தவன் போல் நடக்கிறானே" என்று நகைக்கின்ற நேரம் அதுதான். உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால், அது வெறும் களைப்பன்று. வியர்த்துக்கொண்டிருக்கின்றானே, வெப்பத் தாக்கு எப்படி வரும் என்று கேட்பார்கள். முதியவர்க்கு வீட்டுக்குள் வருகின்ற தாக்கில் தோல் காய்ந்திருக்கலாம். ஓடுகின்றவனுக்கு வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதே வரும்.

இங்கே நாம் கற்ற பாடம் தலைகீழாகின்றது. இதயம் நின்றவனுக்கு ஒரு விதி, வெப்பம் தாக்கியவனுக்கு வேறு விதி. மூச்சுள்ளவனாய், கொதிக்கும் உடம்போடு கிடப்பவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு சாலை நெரிசலில் நிற்காதீர்கள். முதலில் குளிர வையுங்கள். பிறகு கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில், தலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வரை அமிழ்த்துவதே சிறந்த மருத்துவம். காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகத் தண்ணீர் வெப்பத்தைக் கடத்தும் என்பதை இயற்பியல் வகுப்பில் படித்தோமே, அதன் பயன் இது. தொட்டி இல்லையெனில் குளிர்ந்த ஈரத் துண்டுகளால் உடல் முழுதும் போர்த்தி, நிமிடத்துக்கொரு முறை மாற்றி, விசிறியால் வீசலாம். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து வீரர் கோரி ஸ்டிரிங்கர் 2001-ஆம் ஆண்டு பயிற்சியின்போது விழுந்து, ஆகஸ்டு 1-ஆம் நாள் இறந்தார். அவர் உடற்சூடு 108 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போயிருந்தது. பெரும் பணம் புழங்கும் அணி. ஆயினும் காக்க முடியவில்லை. அதே நாட்டில் பால்மத் என்ற கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஓட்டப் பந்தயம் நடக்கின்றது. 18 பந்தயங்களில் 274 பேருக்கு வெப்பத் தாக்கு வந்ததாகக் கணக்கு. முடிவுக் கோட்டருகே பனிநீர்த் தொட்டிகள் வைத்திருந்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். ஓட்டத்தை முடித்துக் கோட்டைத் தாண்டி நின்றவுடன் தலை சுற்றி விழுந்து, பேசினால் தெளிவாகப் பதில் சொல்பவனுக்குப் பெரும்பாலும் காலில் இரத்தம் தேங்கியதே காரணம்; படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் போதும். கோட்டுக்கு முன்னரே விழுந்தவனைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவன் மருந்துக்குழலைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டு ஆட வரக்கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகின்றவன் நடுங்கினால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே சர்க்கரை கொடுக்க வேண்டும். தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும்.

விழுவதற்கு முன்பே அறியத்தக்க சில உண்டு. ஓடும்போது மார்பில் இறுக்கம், காரணமில்லாத படபடப்பு, ஓட்டத்தின் நடுவே ஒருமுறையேனும் நினைவிழப்பு: இவற்றுள் ஒன்று இருந்தாலும் இதயத்தின் மின்வரைபடம் எடுத்துப் பார்க்காமல் மறுபடி ஓடலாகாது. குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் உண்டா என்பதும் கேட்டறிய வேண்டிய செய்தி. ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, ஊரிலுள்ள அம்மாவிடம், "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத நம்மவர்களுக்கு இது கடினம் என்பதை அறிவேன். அடுத்த முறை பேசும்போது சித்தப்பா எப்படி இறந்தார் என்று கேளுங்கள். கேட்டதால் அம்மா அஞ்சுவாள், அஞ்சினால் அஞ்சட்டும்.

மருத்துவர் அல்லாதவன் கை வைத்தால் வழக்கு வராதா என்று என்னிடம் சட்ட மாணவர் ஒருவர் கேட்டார். ஒருவனுடைய நன்மைக்காக, அவன் இசைவு கேட்க முடியாத நிலையில், நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கின்றது. அச்சம் உண்மையில் சட்டத்தைப் பற்றியதன்று. விழுந்தது மாணவியாக இருந்தால் என்ன செய்வது என்பதே பலர் நெஞ்சில் இருக்கும் தயக்கம். நம் நாட்டில் மட்டுமன்று. அமெரிக்காவில், பொது இடத்தில் இதயம் நின்ற ஆடவரில் நூற்றுக்கு 45 பேருக்கு அருகிருந்தோர் மார்பை அழுத்தினார்கள், பெண்டிரில் 39 பேருக்கே அழுத்தினார்கள் என்று ஓர் ஆய்வு கூறுகின்றது. நம் விழாவில் மாணவியர் ஓட்டமும் உண்டல்லவா? தொடலாமா கூடாதா என்ற பேச்சை அவள் கீழே கிடக்கும்போது நடத்த முடியாது. இப்பொழுதே நடத்தித் தீர்த்துக்கொள்வோம். மாணவியரும் பயிற்சி பெற்றால் இத்தயக்கத்துக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மன்றத்தின் செயற்குழுவிடம் நான் கேட்பது பெரிதன்று. பொங்கல் விளையாட்டு விழாவுக்குக் கேடயங்களும் கோப்பைகளும் வாங்க ஒதுக்குகின்ற தொகையில் பாதியை எடுங்கள். கயிறு இழுத்தலில் வென்றவனுக்குக் கோப்பை சற்றுச் சிறியதாக இருந்தால் அவன் கோபிக்க மாட்டான். கோபித்தால் என்னிடம் அனுப்புங்கள். அப்பணத்தில் விழாவுக்கு முன் ஒரு ஞாயிறு, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தார் போன்ற முதலுதவி கற்பிப்போரை அழைத்து, இருபது பேருக்காவது மார்பழுத்தப் பயிற்சி அளியுங்கள். படிப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தொலைவு பெரிது. பொம்மையின் மார்பை இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தவனுக்கே அது தெரியும். அந்த இருபது பேரும் விழாவன்று சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நிற்கட்டும். யார் 108-ஐ அழைப்பது, யார் வாயிலில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது, யார் கூட்டத்தை விலக்குவது என்பதை முன்னாள் மாலையே பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். "யாராவது கூப்பிடுங்கப்பா" என்றால் எவரும் கூப்பிட மாட்டார். நீண்ட ஓட்டத்தை மே மாதப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டு, மும்பை மாரத்தானைப் போல் சனவரி விடியலில் வையுங்கள்.

தொட்டிக்கும் பனிக்கட்டிக்கும் எங்கே போவது என்று விளையாட்டுச் செயலாளர் கேட்டார். கல்யாணச் சமையல்காரர்களிடம் ஆள் உட்காரும் அளவுக்கு அண்டாவும் தொட்டியும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். பனிக்கட்டி, மீன் விற்குமிடத்திலும் கரும்புச்சாற்றுக் கடைக்காரரிடமும் பாளம் பாளமாக இருக்கும். முதல்நாள் சொல்லி வைத்தால் விடியுமுன் கோணிச் சாக்கில் சுற்றி இறக்கிவிடுவார்கள். போட்டி முடிந்து எவரும் விழவில்லையென்றால், மிச்சப் பனிக்கட்டியைப் பானகத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மீன்காரர் பனிக்கட்டியை மட்டும் போட வேண்டா.